வெயிலில் வந்த எண்பத்திரண்டு

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அதனால், நிமோனியாவிலிருந்து தேறிய அம்மாவின் ஆக்ஸிஜன் அளவைப் பார்ப்பது என் பொறுப்பு. நடந்த பிறகும் அளவு இறங்காவிட்டால், ஹாஸ்டல் சமையல் வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

குளிர்காலக் காலை. எங்கள் வீட்டருகே உள்ள கோர்படி மைதானத்தைச் சுற்றி வந்ததும், பளிச்சென்ற வெயிலில் நின்றபடியே அம்மாவின் விரலில் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவியை மாட்டினேன். எண்பத்திரண்டு! தொண்ணூறுக்குக் கீழே போனாலே ஆபத்து.

“உக்காரும்மா, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்” என்று ஆட்டோவைத் தேடினேன்.

அம்மாவின் முகம் வாடியது. “எனக்கு மூச்சே வாங்கலையேடி. சரி, படிச்சவ நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். அப்ப வேலை போச்சா?”

அந்த நம்பிக்கை என்னை உலுக்கியது. கருவியை என் விரலில் மாட்டினேன். எழுபத்தொன்பது.

அம்மா எட்டிப் பார்த்தாள். “அப்ப முதல்ல உன்னைத்தான் ஆட்டோவுல ஏத்தணும்!”

பளிச்சென்ற வெயிலும் குளிர்ந்த விரலும் கருவியைக் குழப்பிவிடும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுபடி நடந்தோம். இந்த முறை மரநிழலில், அவளுடைய சில்லிட்ட விரலைத் தேய்த்துச் சூடாக்கி, துப்பட்டாவால் மூடி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தேன். தொண்ணூற்றாறு. டாக்டரும் பார்த்துவிட்டுச் சம்மதித்தார்.

அம்மா இப்போது வேலைக்குப் போகிறாள். படித்தவள் என்ற பெருமை எனக்குக் குறையவில்லை. நான் சொன்னால் அம்மா அப்படியே நம்பிவிடுவாள் என்பதால், சொல்வதற்கு முன் இன்னொரு முறை பார்க்கிறேன்.