கட்டளை முடிந்த பிறகு

தொண்ணூறுகளின் நடுவில் அண்ணை எங்களோடு மனோர் பார்க் வீட்டில் இருந்தார். ஹெரோயின் தூளுக்காகக் கடைகளில் களவெடுத்துப் பிடிபட்டவர். நீதவான் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு வருடம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் இருந்து கிளினிக்கில் சிகிச்சை எடுக்க வேண்டும், தவறினால் சிறை என்று கட்டளை.

செவ்வாய்தோறும் கிளினிக்கில் சலம் வாங்கி, தூள் எடுத்திருக்கிறாரா என்று சோதிப்பார்கள். அவர் திரும்பி வரப் பிந்தினால் எனக்கு அடுப்படியில் கை ஓடாது. கணவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனாலும் அண்ணை தேறினார். உடம்பு வைத்தது. பெற்றோல் ஷெட்டில் வேலையும் கிடைத்தது. கட்டளையின் கடைசி நாளில் அதிகாரி கைகுலுக்கி அனுப்பிவைத்தார். கோயிலுக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போவோம் என்று நான் சொல்ல, அவர் பஸ் தரிப்பிடத்திலேயே நின்றுவிட்டார்.

"இனி என்னை ஆரும் பார்க்கமாட்டினம், தங்கச்சி."

நல்லதுதானே என்றேன்.

அடுத்த செவ்வாய் தானாகவே கிளினிக்குக்குப் போய், தன்னைத் தொடர்ந்து சோதிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கட்டளை முடிந்துவிட்டது, இனி மற்றவர்களைப்போலப் பெயர் பதிந்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அன்று பின்னேரம் என்னை யன்னலடிக்குக் கூப்பிட்டார்.

"தூள் எடுத்தால் கண்ணுக்குள்ள இருக்கிற கறுப்பு ஊசிமுனை மாதிரிச் சுருங்கிப்போகும். கிழமைக்கு ஒருக்கா என்ர கண்ணைப் பார். ஏலுமோ?"

"ஓம், அண்ணை."

பார்த்தேன். கூடப்பிறந்தவரின் கண்ணுக்குள் குற்றம் தேடிவிட்டு ஒவ்வொரு முறையும் நேரே அடுப்படிக்குப் போய்விடுவேன். வேலைக்குக் கிட்ட என்று அவர் வெம்பிளியில் அறை எடுத்துப் போன பிறகும் செவ்வாய் தவறாமல் வந்தார்.

கார்த்திகையில் ஒரு நாள், விடாத மழை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"கழட்டுங்கோ, அண்ணை."

"இண்டைக்கு வேண்டாம்."

உள்ளே வரவில்லை. நானும் கிளினிக்குக்கு வாறன், எவ்வளவு காலமென்றாலும் காத்திருப்போம் என்றேன். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு மழைக்குள் இறங்கினார். அதற்குப் பிறகு வரவில்லை. வேலையையும் விட்டுவிட்டார் என்று பெற்றோல் ஷெட்டில் சொன்னார்கள்.

மாரி முடியுமுன் கடையொன்றில் மறுபடி பிடிபட்டார். இம்முறை சிகிச்சை என்ற பேச்சே எழவில்லை. சிறையில் அவரை முதன்முதலாகப் பார்க்கப் போனபோது, சுகம் விசாரிக்கவும் மறந்து அவருடைய கண்களைத்தான் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.