மூன்று வீடுகளுக்கு ஒரே கடன்

என் கணவர் இருந்தவரை எங்களுக்கு மூன்று வீட்டுக் கடன்கள் இருந்தன. மாநில எல்லைச் செக்போஸ்ட்டை ஒட்டிய கோபாலபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்சுவரோடு ஒட்டிய இரண்டு சிறிய வீடுகள், பள்ளிவாசல் என்ற மலையூரில் அவர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வாங்கிய ஒன்று. மூன்றையும் வாடகைக்கு விட்டிருந்தோம். அவர் இறந்த பிறகு மூன்று தேதிகளை நினைத்தே எனக்குத் தூக்கம் போயிற்று. எந்தத் தவணையை மறந்தேனோ என்று பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதுகூட நாட்காட்டியைப் பார்ப்பேன். வங்கி மேலாளர்தான் மூன்று பத்திரங்களையும் சேர்த்து ஒரே கடனாக்கிக் கொடுத்தார். ஒரு கையெழுத்து, ஒரு தேதி. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

போன மழைக்காலத்தில் பள்ளிவாசல் வீட்டின் கூரை ஒழுகுகிறது என்று பார்க்கப் போனேன். சுற்றுலா ஜீப் ஓட்டுபவரின் குடும்பம் அங்கே குடியிருந்தது. முன்னறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சமையலறைப் பக்கம் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். பின்னாலிருந்த மண்திட்டு சரிந்து சுவரை உள்ளே தள்ளிவிட்டது. எல்லோரும் வெளியே ஓடினோம். யாருக்கும் அடிபடவில்லை. என் கையில் டீ டம்ளர் அப்படியே இருந்ததை ரோட்டில் நின்ற பிறகுதான் பார்த்தேன்.

அந்த வீட்டில் இனி யாரும் இருக்கக் கூடாது என்று பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு வங்கிக்குப் போய், அந்த ஒரு வீட்டை மட்டும் கடனிலிருந்து தனியாக வைத்துவிட முடியுமா, மற்ற இரண்டுக்கும் ஒழுங்காகக் கட்டிவிடுகிறேன் என்று கேட்டேன். மேலாளர் மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

"பிரிக்க முடியாது டீச்சர். மூணும் சேர்ந்துதானே ஒரு லோன். தவணை முடங்கினா மத்த ரெண்டு வீடும் கூடவே போகும்."

ஒன்றை விற்கலாமா என்றேன். வாங்குபவர் தரும் பணம் நேராகக் கடனுக்குப் போகும், மிச்சக் கடனுக்கு மிச்ச வீடுகளின் மதிப்பு போதுமா என்று பார்த்த பிறகே அந்தப் பத்திரத்தை விடுவிப்பார்கள் என்றார். மிச்சத்தில் ஒன்று இடிந்த வீடு. பெங்களூரில் இருக்கும் மகளிடம் கேட்கலாம்தான். கைக்குழந்தை, அவளுக்கும் ஒரு வீட்டுக் கடன். போனை எடுப்பேன், குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த மாதமே பின்வீடுகளில் ஒன்றும் காலியானது. அதைப் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. ஆறு பேருக்கு அது எப்படிப் போதும்? அந்த வீட்டுப் பெரியம்மா முற்றத்தில் நின்று என் வீட்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க ஒத்தையாளு. இத்தாப்பெரிய ஊடு உங்களுக்கு என்னத்துக்குங்க? ஓடிப்புடிச்சு வெளையாடவா?"

அவருடைய மருமகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டு வாடகையையும் சேர்த்தால் தவணை சரியாக வந்துவிடும் என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது. அடுத்த வாரம் அவர்கள் என் வீட்டுக்குக் குடிவந்தார்கள். நான் பின்வீட்டுக்குப் போனேன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் என் சமையலறை. அங்கே குக்கர் விசில் அடித்தால் அடுப்பை அணைக்க எழுந்துவிடுகிறேன். செக்போஸ்ட் தாண்டி வரும் டிப்பர் லாரிகளால் தரை அதிரும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். ஒருமுறை அந்த மருமகள் துணி காயப்போட்டுக்கொண்டே, "லாரிங்க டீச்சர், மலையில்லீங்க" என்றாள்.

மகளிடம் எதையும் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவளே கேட்டாள்.

"அம்மா, பின்னால என்ன செவுரு பச்சையா இருக்குது? நீ எங்க இருக்கற?"

சொன்னேன். தவணை, பத்திரம், சரிந்த மண் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்து நிறையப் பதில்கள் வைத்திருந்தேன். அவள் திட்டவே இல்லை. குழந்தை போனைப் பிடித்து இழுத்தது.

"அப்ப நான் வந்தா எங்கேம்மா இருக்கறது?"

நீ வா, பார்த்துக்கொள்ளலாம் என்றேன். லீவு கிடைக்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

போனை வைத்த பிறகு கட்டிலைச் சுவரோரம் தள்ளி, பாய்களை விரித்துப் பார்த்தேன். பீரோவை வெளியே எடுத்தால் அவளும் குழந்தையும் தாராளமாகப் படுக்கலாம். பீரோவை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. முன்வீட்டுக்காரர்களிடம்தான் கேட்க வேண்டும்.