மேடையில் முடுக்கிய நட்டு

புதன்கிழமை காலை, செகந்தராபாத் அல்வாலில் என் வீட்டு மேசையில், எங்கள் மொழிபெயர்ப்பு நூலின் ஒன்பதாம் இயலின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் கிரிஜா அம்மையாரின் மகள் சுமா அழைத்தார். "அங்கிள், அம்மா இக லேரு" என்றார். இங்கேயே பிறந்து படித்த பெண். நாம் தமிழில் கேட்டால் தெலுங்கில் விடை தருவார். அம்மா இனி இல்லை என்பதையும் அம்மொழியில்தான் அவரால் சொல்ல முடிந்தது. நாற்பது ஆண்டுகள் மேடைகளில் முழங்கிய நான், "வருகிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

நம் தமிழ் மன்றத்து உறவுகளே, அவரை உங்களில் பலர் அறிவீர்கள். அண்மையில் இந்நகருக்கு வந்த கணினித்துறை இளைஞர்களுக்காகச் சில சொல்கிறேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெள்ளையர் காலத்தில் செகந்தராபாத் வந்த குடும்பம் அவருடையது. லாலாகுடா தொடர்வண்டிப் பட்டறையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அபிட்சு நடைபாதையின் ஞாயிற்றுக்கிழமைப் புத்தகக் கடையொன்றில், தொழில்நுட்ப இயற்பியலும் இயக்கவியலும் கற்பிக்கும் செருமானியப் பாடநூல்கள் ஐந்தை அவர் கண்டெடுத்தார். அவை எம்மொழி என்பது கடைக்காரருக்கே தெரியவில்லை. அவற்றைப் படிப்பதற்கென்றே, பணி முடிந்த மாலைகளில் வகுப்புக்குப் போய்ச் செருமானியம் பயின்றார். ஏன் இந்தப் பாடு என்று ஒருமுறை கேட்டேன். "மத்த புத்தகம் ஃபார்முலாவை நீட்டும் சார். இது, அந்த ஃபார்முலா எங்க வேலை செய்யாதுன்னு முதல்ல சொல்லும்" என்றார்.

எங்கள் முதற்சந்திப்பு இனிமையானதன்று. உலகின் எவ்வறிவியலும் தமிழில் அடங்கும் என்று நான் மேடையில் இடிமுழக்கம் செய்த நாள் அது. கூட்டம் கலைந்ததும் ஒரு பருத்திப் புடவை என் முன்னால் வந்து நின்றது. "வருமா வராதான்னு நல்லாப் பேசினீங்க. என்கிட்ட ஒரு புத்தகம் இருக்கு. நாலு பக்கம் பண்ணிக் காட்டுங்க." கேலி என்றே எண்ணினேன். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டு உணவு மேசையில் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்திருந்தேன்.

அவர் செருமானியத்தைப் படித்துப் பொருள் சொல்வார், நான் தமிழாக்குவேன். முதல் நாளே அவர் பெயரையும் தமிழாக்க முனைந்தேன். "மலைமகள் என்று அழைக்கட்டுமா, அம்மா?" "நக்கோ, வேணாம் சார். பென்ஷன் பேப்பர்ல கிரிஜான்னுதான் இருக்கு. மலைமகளுக்கு அவங்க தர மாட்டாங்க." அத்துடன் அம்முயற்சி முடிந்தது.

அவர் பிடிவாதக்காரர்; ஆனால் வழக்கு நியாயமானால் விட்டுக்கொடுப்பவர். 'ஷ்பானுங்' என்ற சொல் வந்தபோது, பட்டறையில் எல்லாரும் சொல்லும் 'ஸ்ட்ரெஸ்' என்பதையே எழுதுங்கள் என்றார். நான் தகைவு என்றேன். தகைதல் என்றால் தடுத்தல். வெளியே சுமை ஏறும்போது இரும்பு தன்னுள்ளே தடுத்து நிற்கும் நிலை அது என்று விளக்கினேன். "முப்பது வருஷம் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள என்ன நடக்குதுன்னு உங்க சொல்லுதான் சொல்லுது" என்றார். அன்று நான் வீடு திரும்பிய மிடுக்கை இன்று நினைத்தால் நாணம் வருகிறது. அடுத்துச் செய்த பிழைக்கு விதை அந்த மிடுக்கே.

அவர் உடல்நலமின்றி இரு வாரம் படுத்திருந்தபோது, ஆறாம் இயலை நானே ஓர் அகராதியின் துணையோடு முடித்தேன். 'மொமென்ட்' என்ற சொல்லுக்கு அகராதியின் முதற்பொருள் நொடி. எழுதினேன்: விசையின் நொடி. எழுதியதோடு நில்லாமல் படிகள் எடுத்து மன்றத்தில் வழங்கினேன். மேடையேறி, "விசைக்கும் ஒரு நொடி உண்டு என்கிறது செருமானிய அறிவியல், அந்நொடி தவறினால் பொறி நகராது, இனத்துக்கும் அத்தகைய நொடி உண்டு" என்று முழங்கினேன். அரங்கம் அதிர்ந்தது. நலம்பெற்று வந்து முன்வரிசையில் அமர்ந்திருந்த அம்மையார் மட்டும் கைதட்டவில்லை.

கூட்டம் முடிந்தபின் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "சார், டேர் மொமென்ட்னா நொடி. அது அவங்களுக்கு ஆம்பளை. நம்ம புத்தகத்துல இருக்கறது தாஸ் மொமென்ட். அது ஆணும் இல்ல, பொண்ணும் இல்ல. ஸ்பானர் நீளமா இருந்தா நட்டு சுலபமாக் கழலுதே, அந்தத் திருப்பற சக்தி. முன்னாடி இருக்கற குட்டிச் சொல்லை நீங்க பார்க்கவே இல்ல."

உண்மை. பார்த்தும் பொருட்படுத்தவில்லை. உயிரற்ற பொருளுக்கு ஆண்பால் ஏது என்று தமிழிலக்கணச் செருக்கில் அச்சொல்லை வெற்றொட்டு எனத் தள்ளியிருந்தேன். திருப்புத்திறன் என்ற நல்ல தமிழ்ச்சொல் கையிலிருக்க, நொடியை நட்டு வைத்திருந்தேன்.

"திருத்தச் சீட்டு ஒன்று அச்சிட்டு ஒட்டிவிடலாம், அம்மா" என்றேன்.

"யார் ஒட்டுவாங்க? பாலிடெக்னிக் படிக்கற பிள்ளைங்க நாலு பேர் அதை எடுத்துட்டுப் போனதைப் பார்த்தேன். படிச்சுக் குழம்புவாங்க. அப்புறம் தமிழ்ல அறிவியல் வராதுன்னு அவங்களே சொல்லுவாங்க. மேடையில முடுக்கின நட்டை மேடையிலதான் சார் கழட்டணும்."

சினந்தேன். மூன்று சனிக்கிழமைகள் லாலாகுடாவில் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவரும் அழைக்கவில்லை. என் பெயர் காப்பதா, நான் வாழ்நாளெல்லாம் முழங்கிய கொள்கையைக் காப்பதா என்று எனக்குள் நடந்த வழக்கு சிறிதன்று. அம்மையார் கூச்சலிட்டிருந்தால் நான் எதிர்த்து வென்றிருப்பேன். அவரது அமைதியை எதிர்க்க என்னிடம் படைக்கலம் இல்லை.

அடுத்த திங்களின் மன்றக் கூட்டத்தில் மேடையேறி, நடந்ததை நடந்தபடி சொன்னேன். வரவேற்பு மேசையிலிருந்த வெங்கடேசன் எழுந்து, "அப்ப அன்னிக்கு நாங்க தட்டின கைத்தட்டல், ஐயா?" என்று கேட்டார். "அதைத் திருப்பித்தர இயலாது, தம்பி. திருப்புத்திறன் என்ற சொல்லைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவை சிரித்தது. நானும் சிரித்தேன். மேடையில் என்னையே நகைத்துக்கொண்ட முதல் நாள் அது. கீழிறங்கியதும் அம்மையார், "இப்ப சரியா உட்கார்ந்துது" என்றார். மறுநாளே ஏழாம் இயலைத் தொடங்கினோம்.

அதன்பின் ஒவ்வோர் இயலிலும் பெயர்ச்சொற்களின் முன்னுள்ள குட்டிச் சொற்களைச் சிவப்பு மையால் அவர் வட்டமிட்டுத் தருவது வழக்கமாயிற்று. மூச்சு வாங்கிய இறுதிக் கிழமைகளிலும் ஒன்பதாம் இயலை வட்டமிட்டே அனுப்பினார். எஞ்சியவை இரண்டு இயல்கள். அவற்றில் வட்டமிட இனி எவருமில்லை. ஆகவே தார்நாகாவில் ஒரு தொடக்கநிலைச் செருமானிய வகுப்பில் பெயர் கொடுத்திருக்கிறேன்.

அம்மையாரே, நும்மால் நான் அடைந்தவை பல. இயக்கவியல் அறிந்தேன்; தமிழின் வலிமையை முழக்கத்தில் காட்டுவதை விட்டு உழைப்பில் காட்டக் கற்றேன். ஆயினும் நும் கொடையாக நான் என்றும் வைத்துக்கொள்ளப் போவது, அன்று மேடையில் முதன்முதலாக என் வாயில் வந்த இரு சொற்கள்: "பிழை என்னுடையது." இரண்டும் தூய தமிழ்ச்சொற்கள். நாற்பது ஆண்டுகள் தூய தமிழ் பேசிய நான், அதுவரை அவற்றைச் சேர்த்துச் சொன்னதேயில்லை.