மேற்கு வரிசைக் கடை

போன வாரம் எங்கள் அலுவலகத்துப் பெண் ஒருத்தி என்னைக் கடை பார்க்கக் கூட்டிப்போனாள். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்த்துக் கொடுக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. அவள் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகள் துணிக்கடை வைக்கப்போகிறாளாம். "அக்கா, நீங்க முன்னாடி கடை வச்சிருந்தவங்கல்லா, ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்றாள். போனேன். ஷட்டரைத் தூக்கியதும் புது டிஸ்டெம்பர் வாடை. அந்த வாடை பட்டால் நான் இன்றைக்கும் வாசலிலேயே நின்றுவிடுவேன். கட்டிடக்காரர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே எங்கள் இருவரையும் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"ஆம்பளைங்க யாரும் வரலையா?"

இந்தக் கேள்வி என் காதில் முதன்முதலில் விழுந்தபோது எனக்கு முப்பதுகூட ஆகியிருக்கவில்லை. பக்கத்தில் ஜெசிந்தா நின்றாள்.

நானும் அவளும் தூத்துக்குடியில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். நான் முன்னால் கவுண்டரில். அவள் பின்னால், கண்ணாடியை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்க்கும் மெஷினில். அவள் கடற்கரைத் தெருக்காரி. அப்பா இல்லை, அண்ணன் ராயன் கப்பலில் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். நான் உடன்குடி, கருப்பட்டி வியாபாரி மகள். மத்தியானம் அவள் மீன் குழம்பில் பாதி என் தட்டுக்கு வந்துவிடும். நான் பதிலுக்கு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி கொடுப்பேன். அதில் எனக்குத்தான் லாபம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சொந்தமாகக் கடை வைப்பது என்று முடிவானதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெசிந்தா மாதா கோயில் பூசை முடிந்து வருவாள், இருவரும் பஸ் ஏறிவிடுவோம். முதலாளியாகப் போகிறோம் என்ற நினைப்பில் நான் கைப்பையை வேறு மாதிரி பிடித்து நடந்தேனாம். அவள் அதைப் பலநாள் நடித்துக் காட்டியிருக்கிறாள்.

முதலில் திருச்செந்தூர். அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெசிந்தா ஒரு சோடாவைக் குடித்து முடிப்பதற்குள் ஊரையே தள்ளிவிட்டாள். "ஏளா, சாமி கும்பிட வந்தவன் இன்னைக்கு அளவு குடுத்துட்டுப் போயிருவான். கண்ணாடிய வாங்க எப்ப வருவான்? அடுத்த சஷ்டிக்கா?" எங்கள் தொழிலில் ஒரே ஆள் இரண்டு தரம் வந்தாக வேண்டும். வந்துபோகிறவர்களின் ஊர் எங்களுக்கு ஆகாது.

காயல்பட்டினத்தில் ஒரு வீட்டம்மா உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். "ஃபிரேமெல்லாம் எங்க மாப்பிள்ள துபாயிலேருந்தே அனுப்பிருவாரு. நீங்க கண்ணாடி மட்டும் மாட்டித் தருவியளாம்மா?" என்று கேட்டார். எங்களுக்கு லாபமே ஃபிரேமில்தான். சிரித்துக்கொண்டே வெளியே வந்தோம். உடன்குடியில் என் அப்பா, "நம்ம கடையிலயே ஒரு ஓரமா வச்சுக்கோயேன்" என்றார். கருப்பட்டிச் சிப்பத்துக்கு நடுவில் யார் வந்து முகம் பார்ப்பார்கள்?

ஆறுமுகநேரியில்தான் ஜெசிந்தா வெகுநேரம் நின்றாள். உப்பளத்தில் வெயில் கீழேயிருந்தும் அடிக்கும். வேலை முடிந்து வந்த பெண்களுக்குக் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. "இங்கதாம்ளா கண்ணாடி வேணும்" என்றாள். அவர்களில் ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, "வேணும்தான். அதுக்கு ஒரு வாரக் கூலிய யாரு குடுப்பா?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கடைசியில் தூத்துக்குடிதான். ஆனால் எந்தத் தெரு, தெருவில் எந்தப் பக்கம்? அன்றைக்கு ஊருக்குள் ஒரு கண்ணாஸ்பத்திரி இருந்தது, அதிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் தெருவைப் பிடித்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களையே பார்த்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் பயத்தில் போகிறான், எதையும் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்புகிறவன்தான் பார்ப்பான். அவனுக்கும் கண்ணில் மருந்து விட்டிருப்பார்கள், வெளிச்சம் கூசும், நிழலோரமாகத்தான் நடப்பான். சாயங்காலம் அந்தத் தெருவில் நிழல் விழுவது மேற்கு வரிசையில். "நம்ம கட மேக்கு வரிசைதான்" என்றாள் ஜெசிந்தா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பெரியவர் கண்ணை இடுக்கிக்கொண்டு நிழலில் கிடந்த எங்கள் பெஞ்சில் வந்து இடிக்கவும் அது உறுதியாயிற்று.

அந்த வரிசையில் இரண்டு கடை காலி. இரண்டுக்கும் படி குறைவு, வயசானவர்களுக்கு நல்லது. ஆனால் இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். படி குறைந்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அதனால் ஐப்பசியில் நன்றாக ஊற்றிய ஒரு நாள் குடையோடு போனோம். ஒரு கடை வாசலில் முட்டளவு தண்ணீர். இன்னொன்றில் முதல் படிகூட நனையவில்லை. மாடியிலிருந்து கட்டிடக்காரர் பொன்னையா அண்ணாச்சி எட்டிப்பார்த்தார்.

"என்ன பிள்ளையளா, மழைக்குள்ள வந்து கட பாக்கிய?"

விஷயத்தைச் சொன்னோம். "இந்தக் கட்டிடத்தக் கட்டுன எனக்கே இது தோணல" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். காபி வந்தது. அப்புறம், ஆம்பளைங்க வரலையா என்ற அந்தக் கேள்வியும் வந்தது. எத்தனையோ பேர் எங்களிடம் கேட்டதுதான். இவர் மட்டும் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார். "உங்கள நம்பாம இல்ல தாயி. நாளைக்குக் கல்யாணம் ஆகி எங்கன போவியளோ. அக்ரிமெண்ட ஒரு ஆம்பள பேர்ல எழுதுவோம்."

என் அப்பா கூட்டுக் கடைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். ராயன் அண்ணன் அப்போது லீவில் வந்திருந்தார். "ஒரு கையெழுத்துதான, இதுக்கு எதுக்கு மூஞ்சத் தொங்கப்போடுதிய?" என்று சிரித்தபடி போட்டுக்கொடுத்தார். அன்றைக்கு அவர் எங்களுக்குத் தெய்வம்.

கடை ஓடியது. நாங்கள் கணக்குப் போட்டது ஒன்றுகூடத் தப்பவில்லை. சாயங்காலம் ஆனால் நிழலைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். மழைக்காலத்தில் எதிர்வரிசைக் கடைகள் வாளியோடு நிற்க, எங்கள் கடையில் வியாபாரம் நடக்கும். எனக்குக் கல்யாணம் ஆனது, பையன் பிறந்தான், நான் எங்கேயும் போகவில்லை. அக்ரிமெண்டை எங்கள் பேருக்கு மாற்றிவிடலாம் என்று ஓரிரு தடவை சொன்னேன். "அண்ணன் என்ன அந்நியமாளா?" என்பாள் ஜெசிந்தா. நானும் விட்டுவிடுவேன்.

பிறகு ராயன் அண்ணனுக்கு இடுப்பு வலி வந்து கப்பல் வேலை போயிற்று. பொழுதுபோகவில்லை என்று கடைக்கு வந்தார். முதலில் வாசலோர நாற்காலியில், பேப்பரோடு. பிறகு ஃபேனுக்கடியில். ஒரு நாள் நான் சாப்பிட்டுவிட்டு வந்தால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன். கடனுக்குக் கண்ணாடி கேட்டு வந்தவர்கள் என்னைவிட்டு அவரிடம் பேசத் தொடங்கினார்கள்.

பொன்னையா அண்ணாச்சி இறந்து, கட்டிடம் மகன் கைக்குப் போனது. அந்தச் சமயம் ஊர் ஊராகக் கிளை திறக்கும் ஒரு பெரிய கண்ணாடிக் கம்பெனியின் ஆட்கள் எங்கள் தெருவில் திரிந்தார்கள். எந்த வரிசையில் நிழல் விழும் என்று அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் கடையில் கூட்டத்தைப் பார்த்தார்கள், அது போதுமே.

மாசக் கடைசியில் காலி செய்ய வேண்டும் என்று அண்ணாச்சியின் மகன் வந்து சொன்னபோது நான் ஒரு கிழவிக்கு ஃபிரேம் காட்டிக்கொண்டிருந்தேன். "ராயன் அண்ணாச்சி கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாரே. ஒங்ககிட்ட சொல்லலையா?" என்றான். ராயன் அண்ணன் அன்றைக்குக் கடைக்கு வரவில்லை. கம்பெனிக்காரர்கள் அவருக்கு ஒரு தொகையும், அங்கே திறக்கப்போகும் புதுக் கடையில் மேனேஜர் வேலையும் பேசி முடித்திருந்தார்கள்.

பின்னால் மெஷின் ஓடும் சத்தம் நின்றது. போனேன். ஜெசிந்தா தலையைத் தூக்கவில்லை.

"ஒனக்குத் தெரியுமாளா?"

"போன மாசமே சொன்னான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?"

"நான் என்ன சொல்லட்டும்? கடல்ல கெடந்து எங்கள வளத்தவன். எனக்கும் அங்க வேல வாங்கித் தாரேங்கான்."

"அப்ப நம்ம கட?"

"எந்தக் கட?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கும் அழுகை முட்டியிருந்தது. "எழுதுன தாள்ல ஓம் பேரும் இல்ல, எம் பேரும் இல்ல."

அந்தக் கம்பெனி சுவரெல்லாம் வெள்ளை டிஸ்டெம்பர் அடித்துத் திறந்தது. ஜெசிந்தா அவர்கள் கொடுத்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அதே மூலையில் நின்றாள். எதிர்வரிசையில் கிடைத்த கடையில் நான் தனியாக உட்கார்ந்தேன். என் கடையில் வெயில் ஏற ஏற, ஆட்கள் அந்தப் பக்கமாகவே போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டாவது மழைக்கு ஷோகேஸ் வரை தண்ணீர். அதோடு சரி.

இப்போது அந்த ஆஸ்பத்திரி பைபாஸ் பக்கம் போய்விட்டது. பின்னாலேயே கம்பெனியும் போயிற்று. ராயன் அண்ணனைக் கூட்டிப்போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கட்டிடத்தை இடித்து இரண்டு சக்கர வண்டி நிறுத்த விட்டிருக்கிறார்கள். மேற்கு வரிசையில் அந்த இடத்தில் நிழலே இல்லை.

என் கடையை மூடிய பிறகு ஜெசிந்தாவை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில், கையில் மீன் பையோடு. முடி நரைத்திருந்தது. பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடி ஒன்று போட்டிருந்தாள். ஒரு காது ஏறி, ஒரு காது இறங்கி, மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. யாரும் அவள் முகத்துக்கு அதைச் சரிசெய்து கொடுத்திருக்கவில்லை.

"நல்லாருக்கியாளா?" என்றாள்.

"இருக்கேன்" என்றேன்.

என் கை அவள் காதுப்பக்கம் பாதிவரை போய்விட்டது. அவளும் முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். நான் கையை இறக்கிப் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்தது. அவள் விரலால் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு ஏறினாள்.