பாக்கெட் இல்லாத கோட்டு

வீட்டுக்குள் யானை புகுந்திருந்தால்கூட நான் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். நாலாம் வகுப்பு படித்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், விளையாடிவிட்டு உள்ளே வந்தால், அம்மா தரையில் உட்கார்ந்து தன்னுடைய நீலப் பட்டுப் புடவையின் முந்தானையைக் கத்தரித்துக்கொண்டிருக்கிறாள். அது எனக்கென்று சொல்லி வைத்த புடவை. பெரியவளானதும் முதலில் அதைத்தான் கட்டப் போகிறேன் என்று வகுப்பில் பாதிப் பேரிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தம்பிக்கு புக்கு தைக்கேன். பேய பாத்த மாதிரி நிக்காம அந்த ஊசிய எடுட்டி” என்றாள்.

புத்தகத்தை யாராவது தைப்பார்களா? அதுவும் பட்டிலா?

நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவர்கள். ஜூஜுவாடியில் லைன் வீடு. அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் ஷிப்ட், அம்மாவுக்கு இன்னொரு கம்பெனியில் ஷிப்ட். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் தம்பி பால் மறந்ததுமே அவனை ஊரில் பெரியம்மாவிடம் விட்டிருந்தார்கள். எங்கள் லைனில் பாதிக் குடும்பங்கள் அப்படித்தான். கம்பெனி பஸ் வரும் முன்பு, அங்கே வேலைக்குப் போட கொடுத்த நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனையில் நின்று, போனில் முகம் காட்டிப் பேசுவாள் அம்மா. தம்பிக்குத் தெரிந்த அம்மா அந்த அம்மாதான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வயது வந்ததும் அவனைக் கூட்டி வந்துவிடுவதென்று ஏற்பாடு. அதற்குள் முகம் மறந்துவிடக் கூடாதே என்றுதான் இந்தப் புத்தகம். போனில் யாரோ இப்படித் தைத்ததைப் பார்த்தாளாம். ஒரு பக்கத்தில் ஜிப் வைத்த லாரி. ஒரு பக்கத்தில் ஷூ லேஸ் கோத்த பூட்ஸ். ஒரு பக்கத்தில் பட்டனால் மாட்டிக் கழற்றும் மாங்காய்கள். கடைசிப் பக்கத்தில் அம்மா, நீலக் கோட்டுடன். கோட்டின் நீலம் வீட்டில் வேறெந்தத் துணியிலும் இல்லாததால்தான் என் புடவை பலியானது.

அந்தத் துணிக் கோட்டுக்கு ஒரு பாக்கெட் வைத்தாள். ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ மூடி. திறந்தால் உள்ளே கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு துணித் தம்பி. நிஜக் கோட்டில் பாக்கெட்டே கிடையாது. சின்னச் சின்ன பார்ட்ஸை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று கம்பெனி அப்படித்தான் தைத்துக் கொடுக்கும். இதைச் சுட்டிக்காட்டி, தப்பாகத் தைக்கிறாய் என்று நான் ஞாயம் பேசினேன். அம்மா நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள். என்னைத் துணியில் எந்தப் பக்கத்திலும் தைக்கவில்லை என்பது எனக்குத் தனி வயிற்றெரிச்சல்.

ஊருக்குப் போன ஒருவர் கையில் புத்தகம் போனது. சில மாதங்கள் கழித்துப் பெரியம்மா தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். அம்மா லீவு போட்டு, பச்சைப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போயிருந்தாள். கையை நீட்டினாள். அவன் பாம்பைப் பார்த்ததுபோல அலறிப் பெரியம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“உங்கம்மால்லா ராசா, போ” என்றாள் பெரியம்மா.

அவன் அழுதுகொண்டே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, “இதான் அம்மா” என்று எங்களுக்கு விளக்கினான். அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க அம்மா ஊட்டினால் துப்பினான், தூக்கினால் விறைத்தான். பெரியம்மா ஒருநாள் மெதுவாக, “ஒட்டமாட்டேங்கான். பேசாம நான் திரும்பக் கூட்டிட்டுப் போயிருதேன்” என்றாள்.  மறுநாள் லீவு முடிந்து அம்மா கோட்டை மாட்டிக்கொண்டு, அவன் எழுந்திருக்கும் முன்பே ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

சாயங்காலம் நானும் பெரியம்மாவும் அவனோடும் அவன் புத்தகத்தோடும் தெருமுனையில் நின்றோம். கம்பெனி பஸ் வந்தது. முதலில் இறங்கியவள் ஹாஸ்டலில் தங்கியிருந்த கன்னடக்கார அக்கா. நீலக் கோட்டு. தம்பியின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். “அம்மா!” என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

பின்னால் இறங்கிக்கொண்டிருந்த அம்மா, பஸ் படியிலேயே நின்றுவிட்டாள். கையில் இருந்த டிபன் பாக்ஸ் விழுந்து உருண்டது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. 

கன்னடக்கார அக்கா அப்படியே ரோட்டில் மண்டிபோட்டு அவனைக் கட்டிக்கொண்டாள். “பா கந்தா, பா” என்று அவள் பாஷையில் ‘வா கண்ணே’ சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்தவர் பிள்ளையை இவ்வளவு நேரமா கட்டிப்பிடிப்பாள் என்று எனக்குக் கோபம் வந்தது. தம்பி அவள் கோட்டைத் தடவிப் பாக்கெட்டைத் தேடினான். இல்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அடுத்த கோட்டுக்கு ஓடினான். அங்கேயும் இல்லை. இன்னொரு கோட்டு, இன்னொரு கோட்டு. பெண்கள் எல்லோரும் வீட்டுக்குப் போகாமல் சிலைபோல நின்று அவனுக்குக் குனிந்து கொடுத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

அம்மா படியிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, கடைசிப் பக்கத்து பாக்கெட்டைப் பிரித்துத் துணித் தம்பியை எடுத்துத் தன் கோட்டின் இரண்டு பட்டன்களுக்கு நடுவே, தலை மட்டும் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டாள். பிறகு புழுதியில் உட்கார்ந்தாள். தம்பி வந்தான். துணித் தம்பியை உருவினான், திரும்பச் செருகினான், மறுபடி உருவினான். அப்புறம் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவள் மடியில் ஏறி உட்கார்ந்தபோது அம்மா சத்தம் போட்டு அழுதாள். அம்மா அப்படி அழுவாள் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அன்றைக்கே அந்தப் பட்டில் இன்னொரு துண்டு வெட்டி நிஜ பாக்கெட் ஒன்று தைத்தாள். கோட்டில் வெல்க்ரோவை மட்டும் தைத்துக்கொண்டாள். கம்பெனியில் இருக்கும்போது பாக்கெட் டிபன் பையில் கிடக்கும். திரும்பும்போது பஸ்ஸிலேயே எடுத்து ஒட்டிக்கொண்டு இறங்குவாள். பெரியம்மா தனியாக ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கன்னடக்கார அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மடித்து வைத்த மஞ்சள் கவுன் ஒன்றை அம்மாவிடம் நீட்டினாள். “எனக்கும் ஒந்து புக்கு தைச்சுக் கொடு அக்கா. பாக்கெட்ல வைக்கிற பொம்மைய இதுல பண்ணு” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவ்வளவு பெரிய பெண்ணுக்கு விளையாட்டுப் புத்தகம் கேட்கிறதா? அதற்கு ஒரு நல்ல கவுனை வேறு வெட்ட வேண்டுமா? நைசாக எடுத்து என்மேல் வைத்துப் பார்த்தேன். இடுப்புக்குக்கூட வரவில்லை.

அம்மா அதை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “என்ன வயசு?” என்று கேட்டாள்.

“உன் மகன் வயசுதான் அக்கா, ஊர்ல இருக்கு” என்றாள் அவள்.

போயும் போயும் ஒரு கவுனுக்கு எதற்கு வயது கேட்கிறாள் அம்மா என்று நான் நினைத்துக்கொண்டேன்.