பெயர் எழுதாத கிளாஸ்கள்

எங்கள் ஒரே மகன் இருபத்தோரு வயதில் காய்ச்சலில் இறந்தான். அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் பருத்திப்பட்டில் எங்கள் வீட்டில் விருந்து நடக்கவில்லை. வந்தவர்கள் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். என் மனைவி தண்ணீர் கொடுப்பாள். உட்காருங்கள் என்று சொல்லமாட்டாள்.

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டைச் சாக்காக வைத்து அதை மாற்றப் பார்த்தவள் கொரட்டூரில் இருக்கும் என் தங்கை. போனில் சொன்னாள்: "கேக்கு கீக்குலாம் வேணாண்ணே. நாங்க அஞ்சு பேரு வர்றோம். அண்ணி ஒரு வேள உக்கார வெச்சி சோறு போடட்டும், அது போதும்."

கண்ணாடி கிளாஸ்களில் ஆளுக்கொரு பெயர் எழுதி, அதில் மோர் குடித்து, போகும்போது கையோடு கொண்டுபோவது என்பதும் அவள் யோசனைதான். என் மனைவி முன்பு புடவைகளுக்குப் பெயின்டிங் செய்துகொண்டிருந்தவள். கையில் வேலை இருந்தால் அந்த நாளைத் தாண்டிவிடுவாள் என்று தங்கை நினைத்தாள். நானும் நம்பினேன்.

அம்பத்தூர் கடையில் கிளாஸ்களும், மருதாணிக் கூம்பு போலப் பிதுக்கி எழுதும் நீலப் பெயின்டும் வாங்கிவந்தேன். நான் பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். ஐந்து பெயர்களையும் பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தேன். தாளை கிளாஸுக்குள் ஒட்டிவிட்டு, வெளியே தெரியும் எழுத்தின் மேல் வரைந்தால் போதும். என் அண்ணனின் பெயரைப் பார்த்ததும் அவள் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மூத்தவரு பேர எச்சில் படற கிளாஸுல எழுதறதா? நான் முறை வெச்சே எழுதிக்கிறேன்."

மதிய நேரங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினாள். ஓர் எழுத்து சாய்ந்தாலும் பஞ்சால் அழித்து மறுபடி எழுதினாள். ஒருமுறை ஏதோ முணுமுணுத்தாள், பாட்டு போல இருந்தது. நான் அறைக்குள் போகவில்லை. எல்லாம் காய்ந்ததும் வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டாள். பெரியப்பா, பெரியம்மா, அத்தை, மாமா, அக்கா. எனக்கும் ஒன்று இருந்தது: அப்பா. வழக்கம்போல் பிழை பார்த்தேன். "சரியா இருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காட்டுப்பாக்கத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை கணவரோடும் மகளோடும் வந்தாள். "உள்ள வந்து உக்காருங்க" என்றாள் என் மனைவி. தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள்.

சாப்பாடு நன்றாகவே போனது. கடைசியில் மோர் வந்தது. தங்கையின் மகள், எங்கள் மகனைவிட இரண்டு வயது மூத்தவள், தன் கிளாஸைத் தூக்கிக் காட்டினாள்.

"நைனா, இத பாரேன். எனக்கு அக்கான்னு எழுதி கீது. இந்த ஊட்டுக்கே நான்தான் பெரிய மனுஷி போல."

"அப்ப இனிமே மொய்யெல்லாம் நீயே வெச்சிடு" என்றார் தங்கையின் கணவர்.

எல்லோரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த கிளாஸைப் பார்த்தாள். பிறகு அதற்கு அடுத்ததை. பிறகு எல்லாவற்றையும்.

எங்கள் வீடுகளில் பிள்ளை பிறந்ததும் தாய் உறவுகளை அதன் வாயால் அழைக்கத் தொடங்கிவிடுவாள். கணவனின் அண்ணன் பெரியப்பா ஆகிவிடுவார், நாத்தனார் அத்தை ஆகிவிடுவாள். பிள்ளை வளர்ந்த பிறகும் அது மாறாது. அவன் போன பிறகும் இவளுக்கு மாறவில்லை. என் தங்கையை அத்தை என்று கூப்பிட அவனைத் தவிர யாரும் இருந்ததில்லை. என் அண்ணனைப் பெரியப்பா என்று கூப்பிடவும்தான்.

"தெரிஞ்சி எழுதல" என்றாள். "சத்தியமா தெரிஞ்சி எழுதல. வாயில அதுதான் வருது."

தங்கையின் மகள் கிளாஸைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அதிகம் பேசாத என் அண்ணன் தன் கிளாஸை நீட்டினார்.

"பெரியப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் மோரு ஊத்தும்மா."

ஊற்றினாள். பாதி மேசையில் சிந்தியது. அவர் மீதியைக் குடித்து முடித்தார்.

என் மனைவியின் முன்னால் இருந்தது வெறும் கிளாஸ். "உன்னுது எங்க அண்ணி?" என்று தங்கை மெதுவாகக் கேட்டாள்.

"எழுத ஒக்காந்தேன். கை ஓடல."

ஆளுக்கொரு கிளாஸைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். அதன் பிறகு அவள் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

சில நாள் கழித்துத் தங்கை போன் செய்தாள். பேச்சு வரவில்லை, அழுதாள். "கிளாஸ தேய்க்கசொல்ல எழுத்து போயிடுச்சிண்ணே. அப்படியே தோலு மாதிரி உரிஞ்சி வந்துடுச்சி." எழுதியதும் கிளாஸைச் சூடுபடுத்தினால்தான் அந்தப் பெயின்ட் நிற்குமாம். எங்கள் இருவருக்கும் அது தெரியவில்லை.

என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தண்ணீர் இப்போதும் அப்பா என்று எழுதிய அந்த கிளாஸில்தான் தருகிறாள். குடித்ததும் உடனே வாங்கிக்கொள்கிறாள். உள்ளே மட்டும் இரண்டு விரல் விட்டுக் கழுவி, வெளிப்பக்கம் ஈரம் படாமல் துணியின் மேல் வைக்கிறாள்.