ஏழில் தொடங்கும் எண்

பிராங்பேர்ட்டில் நான் வேலை செய்யும் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் காலை வேளைகளில் ஒரு விசித்திரம் நடக்கும். நான் வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கியதும் பக்கத்து மேசை ஃபிராவ் கெல்லர் வானொலிச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். நான் பிரார்த்தனை செய்கிறேன் என்பது அவருடைய எண்ணம். உண்மையில் நான் இலக்கங்களைச் சரிபார்க்கிறேன். ஜெர்மன்காரர் இருபத்தொன்றை ஒன்றும் இருபதும் என்று திருப்பிச் சொல்லுகிறவர்கள். அவர்கள் மொழியில் எண்ணினால் எனக்குக் கட்டாயம் பிழைக்கும், அதனால் தமிழில் எண்ணுகிறேன். பத்து வருடமாக அவரிடம் இதைச் சொல்லித் திருத்த எனக்கு மனம் வரவில்லை. பக்திமான் என்ற பெயர் சும்மா கிடைக்கிறது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ருமேனியச் சான்றிதழ்களை ஜெர்மனுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவதுதான் என் தொழில். அந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று இலக்கத்தில் ஓர் எண் உண்டு. முதல் இலக்கம் ஆணா பெண்ணா என்று சொல்லும், அடுத்த ஆறும் பிறந்த நாள். ஆங்கிலத்தில் 'தனிநபர் அடையாள எண்' என்று தலைப்புப் போட்டு இலக்கங்களை அப்படியே இறக்க வேண்டும். கூட்டவோ குறைக்கவோ விளக்கம் எழுதவோ எங்களுக்கு உரிமை இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து தங்கிய ஆணுக்கு எண் ஏழில் தொடங்கும். எனக்கும் அப்படி ஒன்று இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஃபிராவ் கெல்லர் ஒரு விவாகச் சான்றிதழை என் மேசையில் வைத்தார். ருமேனியப் பெண் ஒருவர் கொடுத்துவிட்டுப் போனாராம், அயர்லாந்துக்கு ஆங்கிலத்தில் வேண்டுமாம், வியாழன் வருவாராம். கணவர் பெயர் கந்தையா சிவகுமார் என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய பெயரும் அதுதான். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு வழக்கம்போல எண்ணத் தொடங்கினேன். ஏழு, ஏழு, நாலு, பூச்சியம் என்று போய், கடைசி ஐந்து இலக்கத்தையும் கடதாசியைப் பார்க்காமலே சொல்லி முடித்தேன். அது என்னுடைய பழைய எண்.

ருமேனியாவின் திமிசோரா நகரில் பொறியியல் படிக்கப் போன காலத்தில் நானும் என் நண்பன் குகனும் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு மாணவர் விசா, அவனிடம் ஒன்றும் இல்லை. படிப்புக்குக் காசு முடிந்து நான் ஜெர்மனிக்கு வெளிக்கிட்டபோது, ருமேனியாவில் இருந்ததற்கு அடையாளமாக ஒரு துண்டுக் கடதாசிகூடக் கொண்டுபோகக் கூடாது, பிடிபட்டால் அங்கேயே திருப்பி அனுப்புவார்கள் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். நம்மவர்கள் எல்லோரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். வதிவிட அட்டை, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குகனிடம் கொடுத்தேன். பொலிஸ் மறித்தால் அட்டையைக் காட்டு, எங்கள் முகங்களை அவர்களுக்குப் பிரித்தறியத் தெரியாது என்று சொல்லிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு மூன்று வருடம் கழித்து அவனும் சொந்தப் பெயரில் இங்கே வந்து சேர்ந்தான். பையைக் கேட்டேன். எரித்துவிட்டேன் என்றான். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவனும் அவன்தான். அன்று பதிவு அலுவலகத்தில் 'லேடிக்', அதாவது மணமாகாதவன், என்ற சொல்லுக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டபோது என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான்.

சான்றிதழில் இருந்த திகதி அதற்கு முந்தியது. அந்த விவாகம் முறிந்ததாக எங்கும் ஒரு வரி இல்லை. கடதாசிப்படி நான் இரண்டு பெண்களைக் கட்டியவன். என் மனைவி வதனியோடு வாழ்ந்த இந்த இருபது வருடமும் சட்டத்தின் முன் நிற்குமா என்பதே கேள்வியாகிவிட்டது.

மத்தியானம் டோர்ட்முண்டில் இருக்கும் குகனுக்குப் போன் எடுத்தேன். மறுப்பான் என்று நினைத்தேன். அவன் மறுக்கவே இல்லை. அட்டை முடிகிற நேரம், அந்த நாட்டுப் பெண்ணைக் கட்டினால்தான் நீட்டித் தருவார்கள் என்றார்களாம்.

"உனக்கு என்ன மச்சான் குறைஞ்சு போச்சு? நீ இஞ்சை வந்திட்டாய். அது சும்மா கிடந்த காட் தானே," என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதை வேறை ஆரிட்டையும் தள்ளிவிடு. கண்டதாக் காட்டாதை. எனக்கும் குடும்பம் இருக்கு," என்றான்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அவன் கேட்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டில் சாப்பிட்ட வாய் அது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போனை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய் நின்றேன். அவன் சொன்னபடி தள்ளிவிடவும் ஒரு நிமிடம் மனம் போனது, அதையும் மறைக்கவில்லை.

வியாழன் அந்தப் பெண் வந்தார். பெயர் டொய்னா, வயதானவர்களைப் பராமரிக்கும் இல்லத்தில் வேலை. மகள் அயர்லாந்தில் இருக்கிறாள், அவளோடு போய் இருக்கப்போகிறேன், குடும்பப் பெயர் மாறியதற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்றார். அந்தக் குடும்பப் பெயர் கந்தையா. என் வதனி தன் அப்பாவின் பெயரைத்தான் இன்றும் வைத்திருக்கிறாள். என்னைத் தவிர, என் அப்பாவின் பெயரைச் சுமந்துகொண்டு இந்த உலகத்தில் நடமாடுகிறவர்கள் முன்பின் தெரியாத இந்தப் பெண்ணும் அவருடைய மகளும்தான். கணவர் பிள்ளைக்கு ஒரு வயதாக இருக்கும்போது இத்தாலிக்கு வேலைக்குப் போனவராம், திரும்பி வரவில்லையாம்.

இதை நான் மொழிபெயர்க்க முடியாது என்று ருமேனிய மொழியில் சொன்னேன். கட்டணம் போதாதா என்று கேட்டுக் கைப்பையைத் திறந்தார். அதற்கல்ல, தன்னுடைய கடதாசியைத் தானே மொழிபெயர்க்க ஒரு மொழிபெயர்ப்பாளனுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி, என் கடவுச்சீட்டைச் சான்றிதழுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தேன். பெயரையும் பிறந்த திகதியையும் விரலால் தொட்டு வாசித்தார். என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்படியென்றால் அவருக்கு என்ன பெயர்?" என்று கேட்டார்.

"குகன்."

இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், வாய்க்குள் அடங்கவில்லை. பிறகு, மகள் பிறந்த அன்று வலியில் கணவரின் பெயரைச் சொல்லிக் கத்தினேன் என்றார். "சிவா, சிவா என்று. அது உங்களையா கூப்பிட்டேன்?"

அவர் அழவில்லை. வேறொரு மொழிபெயர்ப்பாளரின் முகவரியையும், திமிசோரா பதிவு அலுவலகத்துக்கு நான் எழுதப்போகும் கடிதத்தில் அந்தக் கணவன் நான் அல்ல என்று இருக்கப்போகிறதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்து வைத்துக்கொண்டு போனார். ஃபிராவ் கெல்லர் என்ன என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். வதனியிடம் எங்கிருந்து தொடங்குவது என்று எஸ்-பான் ரயிலில் வழி முழுக்க யோசித்தும் முதல் வசனம் அமையவில்லை. கதவுச் சத்தம் கேட்டு அவள் குசினியிலிருந்து, "சிவா, வந்திட்டீங்களே?" என்றாள்.

"ஓம், நான்தான்," என்றேன்.